கொப்பி தொலைந்தவர்களின் உடம்பை வாசித்தல்: வன்னியில் முற்பரிசோதனை செய்யும் சுகாதாரப் பணியாளருக்கான முழுமையான வழிகாட்டி

வன்னிக் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கும் முற்பரிசோதனைக் கிளினிக்கில், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் முன்னர் என்ன வருத்தம் இருந்தது, எங்கே சத்திரசிகிச்சை செய்தார்கள் என்று கேட்டால், பலரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். "கொப்பி இருந்தது மிஸ். இடம்பெயரேக்கை எல்லாம் துலைஞ்சுபோச்சு." 2009 மே மாதத்தில் போர் முடியும்வரை திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்கள் உயிரைக் கொண்டுவந்தன, கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரே படத்தையும் கொண்டுவர முடியவில்லை. ஆகவே முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ வவுனியா வடக்கிலோ மன்னார்ப் பெருநிலப்பரப்பிலோ வேலை செய்யும் ஒருவருக்கு உடற்கூற்றியல் அன்றாடம் கையில் இருக்க வேண்டிய கருவியாகிறது. தழும்பு எங்கே இருக்கிறது, அதன் கீழே எந்த உறுப்பு இருக்கிறது என்று தெரிந்தவர், தொலைந்த கொப்பியின் சில பக்கங்களையாவது அந்த உடம்பிலேயே வாசித்துவிடலாம்.

இந்த வழிகாட்டி தாதிய உத்தியோகத்தர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், அவர்களுக்குத் துணைநிற்கும் சுகாதாரத் தொண்டர்கள் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. நோயை நிர்ணயிப்பது வைத்தியரின் வேலை. தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம் ஐயத்துக்குரிய ஒன்றைக் கண்டுபிடித்து, அவரை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் அனுப்புவதே முற்பரிசோதனை. ஒவ்வொரு படியிலும் என்ன செய்வது என்பதோடு, தோலுக்குக் கீழே என்ன இருப்பதால் அப்படிச் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரியாமல் பழகிய கை, கூட்டம் கூடிய நாளில் முதலில் கைவிடுவது அந்தச் சிறு கவனங்களைத்தான்.

முதற் படி: நாளும் இடமும்

இலங்கையில் 2011 முதல் இயங்கிவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இப்போது 35 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் பரிசோதனைக்கு அழைக்கின்றன. ஆனால் காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் நாள் குறித்தால் வயதுபோனவர்கள் மட்டுமே வருவார்கள். வயலில் நிற்கும் நடுவயது ஆண்கள்தான் நாம் உண்மையில் தேடுபவர்கள். நீர்ப்பாசனமும் விதைப்பும் எப்போது என்று கமக்காரர் அமைப்பிடம் கேட்டறிந்த பின்னர் நாளைக் குறியுங்கள்.

இடத்தைத் தெரியும்போது மூன்றைப் பாருங்கள். வாயைப் பார்ப்பதற்கு யன்னல் வெளிச்சம் வேண்டும். பெண்களைப் பரிசோதிப்பதற்குச் சேலையைத் தொங்கவிட்ட மறைப்பு போதாது. கதவு பூட்டக்கூடிய ஓர் அறை வேண்டும். முதுகைச் சாய்த்து இருக்கக்கூடிய கதிரையும், கையை இதயத்தின் மட்டத்தில் வைக்கக்கூடிய மேசையும் வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் இரண்டு தலையணைகளைக் கொண்டுபோங்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்களை முதலில் கூப்பிட்டு இரத்தம் எடுத்துவிட்டு, அவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போகட்டும். பத்து மணிவரை பட்டினியில் காத்திருந்து தலைசுற்றியவர் அடுத்த வருடம் வரமாட்டார்.

இரண்டாம் படி: தழும்புகளை வாசித்தல்

பதிவுப் படிவத்தில் "முன்னைய சத்திரசிகிச்சைகள்" என்று ஒரு வரி மட்டுமே இருக்கும். அந்த வரிக்கு வன்னியில் ஐந்து நிமிடம் ஒதுக்குவது தகும். "காயப்பட்டனீங்களா?" என்று நேரே கேட்பதைவிட, "உடம்பிலை பீஸ் ஏதும் இருக்கா அண்ணை?" என்று கேட்டால் பதில் இயல்பாக வரும்; உடம்பில் தங்கிவிட்ட ஷெல் துண்டை இங்கு எல்லோரும் பீஸ் என்றே சொல்கிறார்கள். எங்கே, எப்படிக் காயப்பட்டார் என்ற கதையைக் கிளற வேண்டியதில்லை. அவர் சொல்ல விரும்பினால் கேளுங்கள். இல்லாவிட்டால் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றின் நடுக்கோட்டில், நெஞ்செலும்பின் கீழ்நுனியில் இருந்து தொப்புளைச் சுற்றிக் கீழே இறங்கும் நீண்ட தழும்பு, வயிறு முழுவதையும் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். உள்ளே எதை எடுத்தார்கள் என்பதே அடுத்த கேள்வி. மண்ணீரல் இடப்பக்கத்தில் 9, 10, 11 ஆம் விலா என்புகளின் மறைவில், மேலே பிரிமென்றகட்டைத் தொட்டபடி இருக்கிறது. குண்டுவெடிப்பின் அதிர்விலும் துண்டு பட்டும் கிழிந்து, நிற்காத இரத்தப்போக்கால் அகற்றப்படுவது இந்த உறுப்புத்தான். மண்ணீரல் இல்லாதவருக்கு நியூமொகொக்கஸ் போன்ற உறையுடைய பற்றீரியாக்கள் இரத்தத்தில் ஏறினால் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே உயிராபத்து ஏற்படலாம். பல வருடங்களாக நலமாக இருப்பவரும் இதற்கு விலக்கல்லர். "மண்ணீரலை எடுத்திட்டினம்" என்று ஒருவர் சொன்னால், அல்லது எதை எடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாவிட்டால், தடுப்பூசி பற்றிய முடிவுக்காக வைத்தியரிடம் அனுப்புங்கள். தேவைப்பட்டால் ஒரு வயிற்று ஸ்கான் உண்மையைச் சொல்லிவிடும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும், அங்கே மண்ணீரல் இல்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்பதையும் அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

கைக்குழிக்குக் கீழே, ஏறத்தாழ ஐந்தாம் விலா இடைவெளியில், விரல் நுனி அளவு சிறு தழும்பு இருந்தால் நெஞ்சுக்குள் குழாய் போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அவருடைய நுரையீரலைச் சுற்றிய உறை தடித்திருக்கக்கூடும். பிற்காலத்தில் எக்ஸ்ரேயில் தெரியும் பழைய நிழலைப் புதிய காசநோய் என்று தவறாக எண்ணாதிருக்க இந்தக் குறிப்பு உதவும்.

உலோகத் துண்டு உள்ளவருக்கு எக்ஸ்ரேயும் சி.ரி. ஸ்கானும் ஆபத்தில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கவும் சூடாக்கவும் வல்லது. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய நாடிகள் ஆகியவற்றின் அருகே துண்டு இருந்தால் விளைவு பாரதூரமாகலாம். இன்று நீங்கள் எழுதும் ஒரு வரி, பத்து வருடம் கழித்து வேறெங்கோ ஸ்கான் அறை வாசலில் அவரைக் காப்பாற்றும். ஈயம் கலந்த துப்பாக்கிச் சன்னம் மூட்டுக்குள் தங்கியிருந்தால், மூட்டுத் திரவத்தில் ஈயம் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் சேரவும் கூடும். அத்தகையவரின் காரணம் தெரியாத வயிற்றுவலியையும் சோகையையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: நிறையும் இடுப்புச் சுற்றளவும்

கிலோவிலான நிறையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடற் திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டினால் ஆசிய மக்களுக்கு ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5 இல் அது கூடிய ஆபத்தாகிறது. கால் இழந்தவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பொய்க்காலைக் கழற்றி நிறுத்த பின்னர், இல்லாத பகுதியின் நிறையைச் சேர்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழுள்ள காலும் பாதமும் சேர்ந்து உடல் நிறையில் ஏறத்தாழ 5.9 வீதம், பாதம் மட்டும் 1.5 வீதம், முழுக் காலும் 16 வீதம், முழுக் கையும் 5 வீதம். 165 சென்ரிமீற்றர் உயரமுடைய ஒருவர், முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத நிலையில் 60 கிலோ நிறுக்கிறார் என்று கொள்வோம். 60 ஐ 0.941 ஆல் வகுத்தால் 63.8 கிலோ. திருத்தாமல் கணித்தால் சுட்டி 22.0, சாதாரணம், திருத்திக் கணித்தால் 23.4. வேலை குறைந்து நடையும் குறைந்த ஒருவரை, நம்முடைய கணக்குப் பிழையால் "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

இடுப்புச் சுற்றளவு இதைவிட நம்பகமானது. கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது. ஆனால் பிழையாக அளக்கப்படுவதும் அதுதான். பெண்களின் இடுப்பில் பாவாடை நாடா இறுக்கி இறுக்கிக் கறுத்த ஒரு கோடு இருக்கும். ஆண்களுக்குச் சாரம் கட்டும் இடம் தொப்பைக்குக் கீழே இருக்கும். நாடாவை அந்தக் கோட்டில் வைத்து அளப்பது எல்லோருக்கும் கைவந்த தவறு. விரலால் பக்கவாட்டில் தடவிக் கடைசி விலா என்பின் கீழ் விளிம்பைக் கண்டுபிடியுங்கள்; பின்னர் இடுப்பென்பின் மேல் முகட்டைக் கண்டுபிடியுங்கள்; இரண்டுக்கும் நடுவில், நிலத்துக்குச் சமாந்தரமாக, அவர் இயல்பாக மூச்சை வெளிவிட்ட கணத்தில் அளவுங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பன எல்லைகள். குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பில் இருந்து வெளிவருவன ஈரல்வாயில் நாளத்தின் வழியே நேரே ஈரலுக்குப் போய்ச் சேர்வதால்தான், தொடையில் சேரும் கொழுப்பைவிட வயிற்றுக் கொழுப்பு சீனி வருத்தத்தோடு நெருங்கிய தொடர்புடையதாக இருக்கிறது.

நான்காம் படி: குருதி அமுக்கம்

மிக எளிது என்று எண்ணி மிகக் கவலையீனமாகச் செய்யப்படும் பரிசோதனை இது. வந்தவர் சலம் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி இருக்க வேண்டும். சைக்கிளில் வெயிலுக்குள் வந்து இறங்கியவுடன் பட்டியைச் சுற்றினால், நீங்கள் அளப்பது அவருடைய சைக்கிள் ஓட்டத்தையே. முந்திய அரை மணித்தியாலத்தில் புகைத்தாரா, வெற்றிலை போட்டாரா, கோப்பி குடித்தாரா என்றும் கேளுங்கள்.

முழங்கை மடிப்பில், இருதலைத் தசையின் நாண் உறுதியான கயிறுபோலத் தட்டுப்படும். அந்த நாணுக்கு உட்பக்கமாக, அதாவது உடம்புப் பக்கமாக, புயநாடி துடிப்பதை இரண்டு விரலால் உணருங்கள். ஸ்ரெதஸ்கோப்பை வைக்க வேண்டிய இடம் அதுவே. மடிப்பின் நடுவில் வைத்தால் நாண்தான் கீழே இருக்கும், ஒலி மங்கிக் கேட்கும். பட்டியின் கீழ் விளிம்பு மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அதுவே இன்னொரு பட்டியாகக் கையை இறுக்கும். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.

பட்டிக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் கையின் சுற்றளவில் 80 வீதத்தையும், அகலம் 40 வீதத்தையும் மூட வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் அமுக்கம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே பெரிய பட்டியொன்று பெட்டிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும். கையை இதயத்தின் மட்டத்தில், ஏறத்தாழ நெஞ்செலும்பின் நடுப்பகுதிக்கு நேராகத் தாங்கி வையுங்கள். கை பத்து சென்ரிமீற்றர் தாழ்ந்தால் வாசிப்பு ஏழு, எட்டு மில்லிமீற்றர் கூடிவிடும். மடியில் கையை வைத்து அளந்து 144 என்று எழுதப்பட்டவர்களில் எத்தனைபேர் உண்மையில் 136 ஆக இருந்திருப்பார்களோ!

மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி காற்றை ஏற்றி, துடிப்பு மறைந்த இடத்துக்கு மேல் 30 மில்லிமீற்றர் போய், அங்கிருந்து செக்கனுக்கு இரண்டு மில்லிமீற்றர் வீதம் இறக்குங்கள். சிலருக்கு ஒலி இடையில் காணாமல்போய்த் திரும்பக் கேட்கும்; நாடியைப் பிடிக்காமல் ஏற்றியவர் இரண்டாவது தொடக்கத்தையே முதல் ஒலி என்று எழுதிவிடுவார். முதல் வருகையில் இரண்டு கைகளிலும் அளந்து, கூடியதை எடுங்கள். வன்னியில் இது மேலும் முக்கியம்: புயத்தில் காயப்பட்டு நாடி ஒட்டப்பட்ட கையில் அமுக்கம் குறைவாகக் காட்டும். இரத்தச் சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த கையிலும், மார்பகப் புற்றுநோய்க்காகக் கைக்குழி நிணநீர்க்கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கையிலும் பட்டியைக் கட்டக் கூடாது.

வேறுவேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். 180/120 ஐத் தொட்டால் ஐந்து நிமிடம் விட்டுத் திரும்ப அளந்து, அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே அனுப்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுமுட்டு, பார்வை மங்கல், கைகால் விறைப்பு ஆகியவற்றில் ஏதாவதொன்று இருந்தால் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: விரலில் ஒரு துளி

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பின்னரே குத்த வேண்டும். மாம்பழம் தின்ற விரலில் எடுத்த துளி, மாம்பழத்தின் சீனியையும் சேர்த்தே காட்டும். நடுவிரலையோ மோதிரவிரலையோ தெரிந்து, நுனியின் நடுவைத் தவிர்த்துப் பக்கவாட்டில் குத்துங்கள். உணர்நரம்பு முனைகள் நுனியின் நடுவில்தான் அடர்ந்திருக்கின்றன. பெருவிரலையும் சின்னிவிரலையும் ஏன் விடுகிறோம்? அவற்றை மடக்கும் நாண்களின் உறைகள் பெரும்பாலானோருக்கு உள்ளங்கை வழியே மணிக்கட்டுவரை தொடர்கின்றன. அங்கே கிருமி புகுந்தால் கை முழுவதும் பரவ வழி கிடைக்கும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலில் இரத்தம் வராவிட்டால் கையைத் தொங்கவிட்டுச் சற்றுப் பொறுங்கள்; பிதுக்கினால் இழையத் திரவம் கலந்து அளவு பிழைக்கும்.

வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் நாளக்குருதியில் உறுதிசெய்ய அனுப்புங்கள். 100 இல் இருந்து 125 வரை என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறார். சதையி இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் கிடப்பதால் கைக்கு எட்டாது. ஆனால் கழுத்தின் பின்புறத்திலும் கைக்குழியிலும் தோல் வெல்வெற்றுப்போலக் கறுத்துத் தடித்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அதை அழுக்கு என்று தேய்த்துக் கழுவும் இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்க மறுப்பதன் அடையாளம் அது.

ஆறாம் படி: வாய்

இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்கள் வாயையும் தொண்டையையும் சார்ந்தவை. காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை, மது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வாயைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலர். என்னுடைய பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஓர் ஆச்சியின் வாயை ரோர்ச் அடித்துப் பார்த்து, நாக்கும் அண்ணமும் சுத்தமாக இருக்கின்றன என்று எழுதினேன். அடுத்த வருடம் என் சக பணியாளர் மரக்கரண்டியால் கன்னத்தை விலக்கியபோது, கீழ்முரசும் கன்னமும் சந்திக்கும் பள்ளத்தில் ஒரு சத நாணயத்தின் அளவில் தடித்த வெள்ளைப் படலம் இருந்தது. அது ஒரு வருடத்தில் முளைத்ததன்று. நான் கன்னத்தை விலக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்: "ஆச்சி, எந்தக் கொடுப்புக்கை வெத்திலையை அடக்கி வைக்கிறனீங்கள்?" இடப்பக்கம் என்றால் இடப்பக்கத்தை இரண்டு தடவை பார்ப்பேன்.

பொய்ப்பற்களைக் கழற்றச் செய்யுங்கள். உதடுகளின் உட்புறம், இரு கன்னங்களின் உட்புறம், முரசின் வெளிப்புறமும் உட்புறமும், அண்ணம் என்று ஒழுங்கு மாறாமல் பாருங்கள். பின்னர் நாக்கு நுனியை மெல்லிய துணியால் பிடித்து ஒரு பக்கம் இழுத்து அதன் விளிம்பின் பின்பகுதியைப் பாருங்கள், மறுபக்கமும் அப்படியே. நாக்கை மேலே மடிக்கச் சொல்லி வாயின் தரையைப் பாருங்கள். நாக்கின் பக்கவிளிம்பும் வாயின் தரையும் எச்சிலும் சாறும் தேங்கும் தாழ்நிலங்கள். புற்று விரும்பி முளைக்கும் இடங்களில் அவையும் அடங்கும். வழித்தால் போகாத வெள்ளைப் படலம் ஐயத்துக்குரியது. வெல்வெற்றுப்போன்ற சிவப்புப் படலம் அதைவிட ஆபத்தானது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வலி இல்லாவிட்டாலும், பல் வைத்தியரிடமோ வாய்ச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கோ போக வேண்டும். வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தியன்று.

பாக்கு மெல்பவரின் கன்னத்தின் உட்புறத் தோல் நார்ப்பட்டு வெளிறிப்போகும். அவருடைய மூன்று விரல்களை நிமிர்த்தி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால், அல்லது உறைப்புக் கறி வாயில் பட்டாலே எரிகிறது என்றால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கழுத்து. நாக்கு நுனியின் நிணநீர் மோவாயின் கீழுள்ள கணுக்களுக்கும், பக்கங்களின் நிணநீர் தாடைக்குக் கீழுள்ள கணுக்களுக்கும், பின்பகுதியின் நிணநீர் கழுத்தின் ஆழத்துக் கணுக்களுக்கும் வடிகிறது. நடுக்கோட்டுக்கு அருகில் இருந்து இரண்டு பக்கமும் போகும். ஆகவே புண் ஒரு பக்கத்தில் இருந்தாலும் இரு பக்கக் கழுத்தையும் தடவுங்கள். அப்போதே தண்ணீர் ஒரு மிடறு விழுங்கச் சொல்லி, விழுங்கும்போது மேலே ஏறும் கட்டி உண்டா என்றும் பாருங்கள்; தைரொயிட் சுரப்பி குரல்வளையோடு ஒட்டியிருப்பதால் அதுவும் சேர்ந்து ஏறும்.

ஏழாம் படி: பெண்களுக்கான பரிசோதனைகள்

வெல் வுமன் கிளினிக் என்று நாம் வாயால் சொல்லும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நாடெங்கும் நடக்கின்றன. கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு 35, 45 ஆகிய வயதுகளில் பெண்களை அழைக்கிறோம். கருப்பைக் கழுத்தின் வெளிப்புறத்தை மூடும் தட்டைக் கலங்களும், உட்கால்வாயை மூடும் கம்பக் கலங்களும் சந்திக்கும் வளையமே, உடலுறவால் தொற்றிக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசு குடிகொள்ளும் இடம். கலங்களை எடுக்கும் கரண்டியை முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும் என்று சொல்வது, அந்த வளையத்தின் ஒரு பகுதியும் தப்பக் கூடாது என்பதற்காக. தொற்றில் இருந்து புற்றுநோய்க்கு வழக்கமாகப் பத்து வருடங்களுக்கு மேல் ஆவதால், உரிய வயதில் ஒரு தடவை பார்த்தாலே பெரும் பாதுகாப்புக் கிடைக்கிறது. பாடசாலைச் சிறுமிகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது, அது தாயின் பரிசோதனைக்கு ஈடாகாது.

"அவர் இல்லாமல் பத்து, பதினைஞ்சு வருசமாச்சு, எனக்கேன் இது?" என்று கேட்கும் பெண்கள் வன்னியில் நிறையவே இருக்கிறார்கள். பழைய தொற்றே பல வருடங்கள் கழித்து வேலையைக் காட்டும் என்று, ஒழுக்கம் பற்றிய பேச்சாக அது தோன்றாத வண்ணம், தனியே இருத்திச் சொல்லுங்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண் ஒருத்தியின் ஒரு நாட் கூலி போகிறது என்பதையும் மறக்காமல், அவரை முதலில் பார்த்து அனுப்புங்கள்.

மார்பகம் இரண்டாம் விலாவில் இருந்து ஆறாம் விலாவரையும், நெஞ்செலும்பின் ஓரத்தில் இருந்து கைக்குழியின் நடுக்கோடுவரையும் பரந்திருப்பது. அதன் ஒரு வால் கைக்குழிக்குள்ளும் நீள்கிறது. கட்டிகள் கூடுதலாகத் தோன்றும் மேல் வெளிக் காற்பகுதியும் இந்த வாலும் தவறவிடப்படும் இடங்கள். நடு மூன்று விரல்களின் நுனியைத் தவிர்த்து அவற்றின் தட்டைப் பகுதியால், மேலிருந்து கீழாக வரிவரியாக, ஒவ்வோரிடத்திலும் மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஆழமாகவும் மூன்று தடவை அழுத்துங்கள். கையை உயர்த்தும்போது தோலில் குழி விழுந்தால், தோலையும் ஆழத்துத் தசையுறையையும் இணைக்கும் நார்களை உள்ளே ஏதோ இழுக்கிறது என்று பொருள். மார்பகத்தின் நிணநீரில் முக்காற்பங்கு கைக்குழிக்கே வடிவதால், கைக்குழியைத் தடவாத மார்பகப் பரிசோதனையை அரைப் பரிசோதனையாகவே கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: சிறுநீரகமும் நெஞ்சும்

காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டு, அநுராதபுரத்தை ஒட்டிய வவுனியாப் பகுதிகளிலும் கமக்காரரைத் தாக்கிவருகிறது. சிறுநீரகங்கள் வயிற்றறையின் பின்சுவரில், கடைசி விலாக்களின் காப்பில் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகட்டும் அலகுகள் இருப்பதால், பாதிக்கு மேல் அழிந்தாலும் உடம்பு காட்டிக்கொடாது. இந்நோய் வடிமுடிச்சுகளைவிடச் சிறுகுழாய்களையும் அவற்றின் இடையிழையத்தையும் முதலில் கெடுப்பதால், தொடக்கத்தில் சலத்தில் புரதம் மிகக் குறைவாகவே வரும். ஆகவே சலப் பரிசோதனைத் தாள் நிறம் மாறவில்லை என்பதற்காக ஒரு கமக்காரரை விட்டுவிடாதீர்கள். தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனையும் தேவை. கால் இழந்து தசை குறைந்தவருக்குக் கிரியற்றினின் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் என்பதால், கணித்த வடிகட்டல் வீதம் உண்மையைவிட நன்றாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறுவடைக் காலத்தில் நாரிப்பிடிப்புக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனாக் போன்ற குளிசைகளைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்நாடியை விரிவாக வைத்திருக்கும் சுரப்பை அவை தடுக்கின்றன. வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது இரட்டை அடி.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரின் சளியைக் காசநோய்க்காகச் சோதிக்க அனுப்புவதில் விவாதத்துக்கு இடமில்லை. நுரையீரலின் உச்சி காறையென்புக்கு மேலே இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் எழுந்து நிற்கிறது. நோய் விரும்பும் இடமும் அந்த உச்சியே. ஸ்ரெதஸ்கோப்பைக் காறையென்புக்கு மேலும் வைத்துக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: பாதமும் நரம்பும்

செருப்பில்லாமல் சேற்றில் நிற்கும் பாதத்தை, நாம் குனிந்து பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. கழுவித் துடைத்து, விரலிடைகளை விரித்துப் பாருங்கள். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னால் பாதத்தின் மேற்புறத்தில் ஒரு நாண் எழும். அதற்கு வெளிப்பக்கமாக, பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் உரிய நாண்களுக்கு இடையில் பாதமேல் நாடி துடிக்கும். உட்கணுக்காலுக்குப் பின்னே, குதிகாலுக்கும் அதற்கும் நடுவில் மற்றொன்று. இரண்டும் தட்டுப்படாத பாதத்தில் புண் வந்தால் இலகுவில் ஆறாது.

10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையை, கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் நுனியிலும், முதலாம், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் அடிமுட்டுகளிலும், அது வளையும்வரை அழுத்தி, உணர்கிறாரா என்று கேளுங்கள். காய்ப்பின் மேல் வைக்காதீர்கள். மிதிவெடியில் ஒரு கால் போனவருக்கு மீதிப் பாதம் உடம்பின் சுமை முழுவதையும் தாங்குவதால் அதை ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள். அடிக்கட்டையில் பொய்க்கால் உரசிய இடத்தையும் பாருங்கள்.

உணர்விழப்பு எப்போதும் சீனி வருத்தத்தால் வருவதன்று. வெளிறிய, உணர்வில்லாத தேமல் இருந்தால் தொழுநோயை நினையுங்கள். முழங்கையின் உட்புற என்புமுனைக்குப் பின்னால் ஓடும் நரம்பையும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புற என்பின் கழுத்தைச் சுற்றும் நரம்பையும் இரு பக்கமும் ஒப்பிட்டுத் தடவித் தடிப்பைப் பாருங்கள். முகத்திலோ கையிலோ மாதக்கணக்காக வலியில்லாமல் இருக்கும் பரு அல்லது புண், மணல் ஈ கடித்து வரும் லீஷ்மனியாசிசாக இருக்கலாம். இரண்டுக்கும் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

பத்தாம் படி: எழுதி அனுப்புதலும் தேடிப் போதலும்

"வாயில் புண், தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதாதீர்கள். "இடது கீழ்முரசுக்கும் கன்னத்துக்கும் இடையிலான பள்ளத்தில், கடைவாய்ப்பல்லுக்கு நேரே, ஒரு சென்ரிமீற்றர் வெள்ளைப் படலம், வழித்தால் போகவில்லை, இடது தாடைக்குக் கீழே அசையும் கணு ஒன்று" என்று எழுதுங்கள். கடிதத்தின் தலையில் பீஸ் எங்கே இருக்கிறது, மண்ணீரல் உண்டா இல்லையா, எந்தக் கையில் பட்டி கட்டக் கூடாது என்ற மூன்றையும் எழுதுங்கள். அதே விபரங்களை ஒரு புதிய கொப்பியிலும் எழுதிக் கொடுத்து, அவருடைய கைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

போகவேண்டிய கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது, முதல் பஸ் எத்தனை மணிக்கு, வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பதிவேட்டைத் திறந்து, போகாதவர்களின் பெயர்களைக் கீறி எடுத்து, அவர்களின் வீட்டுக்குப் போங்கள். பகலில் வயலில் நிற்பார்கள். மாலையில், மாடு சாய்த்துக்கொண்டு திரும்பும் நேரத்தில் போனால் படலையிலேயே பிடிக்கலாம்.